காத்துமுறை

செண்பகவடிவின் வீட்டுக் குதிரை சினையான வருஷம், கணவாய்க்குளத்திலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் ஆண் குதிரை என்று ஒன்றுகூடக் கிடையாது. இருந்தது அந்த ஒரு வெள்ளைப் பெட்டைதான். கன்னியாகுமரிக் கடற்கரையில் சுற்றுலா வருகிறவர்களை ஏற்றி ஏற்றி முதுகு குழிந்துபோன அதை, வைத்திருந்தவர் தொழிலை விட்டுவிட்டுப் போகிறபோது, வடிவின் புருஷன் தாணுமாலயன் வாங்கிவந்து, வண்டியில் பூட்டி, வாழைத்தாரும் புல்லுக்கட்டும் ஏற்றிக்கொண்டிருந்தான். ஆடி மாசம் மலைக் கணவாய் வழியாகக் காற்று இறங்குகிறபோது ஊரில் ஆடும் மாடும் சுவர் மறைவு தேடி ஒதுங்கும்; அந்தப் பெட்டை மட்டும் கயிற்றை அறுத்துக்கொண்டு, கரண்டு எடுக்கிற காத்தாடிகள் நிற்கிற பொட்டலுக்குப் போய், காற்றுக்கு முதுகைக் கொடுத்துக் கண்ணை மூடி நின்றது. வயிறு இறங்கத் தொடங்கியதும் கால்நடை டாக்டர் வந்து பார்த்தார். கையைக் கழுவிக்கொண்டே, "குட்டி நல்லா இருக்கு" என்றார். தகப்பன் எது என்று அவர் கேட்கவில்லை, ஊரிலும் யாரும் கேட்கவில்லை. கூரையைத் தூக்குவதும் பூவை உதிர்ப்பதும் மேகத்தைக் கொண்டுவருவதும் பேச்சைப் பாதியில் பிடுங்கிக்கொண்டு போவதும் காற்றுத்தான் என்று இருக்கிற ஊரில், இதையும் அது செய்திருக்கும் என்பதில் அதிசயப்பட ஒன்றுமில்லை.

குட்டி விழுந்த அன்று கணவாயில் காற்று நின்றுபோனது. ஆனி மாசம், சீசன் உச்சத்தில், பொட்டல் முழுக்கக் காத்தாடிகள் கையை விரித்தபடி அப்படியே நின்றன. பக்கத்து ஊரில் இருமுகிறவன் இருமல் இங்கே கேட்டது. பெட்டைக்குக் குட்டியை நக்கிக்கொடுக்கவும் தெம்பில்லை, தலையைச் சாய்த்து உயிரை விட்டது. வடிவு தன் பழைய சேலையைக் கிழித்துக் குட்டியைத் துடைத்தாள். மழைக்கு முந்தைய மேகத்தின் நிறத்தில் இருந்தது அது. நாலு காலும் நடுங்க எழுந்து, விழுந்து, எழுந்து, கடைசியில் நின்று ஒரு எட்டு வைத்தது. கொல்லையில் முருங்கை இலை அசைந்தது. இன்னொரு எட்டு வைத்தது. கொடியில் கிடந்த தாணுவின் வேட்டி ஆடியது. அப்புறம் அது வாசல் வழியாகத் தெருவில் இறங்கித் தட்டுத்தடுமாறி ஓடியபோது, தெருக்கோடிவரை புழுதி எழும்பி, பொட்டலில் முதல் காத்தாடி முனகிக்கொண்டே சுற்றத் தொடங்கியது.

அன்றிலிருந்து அந்த ஊருக்குக் காற்று என்றால் அந்தக் குட்டிதான். அது ஓடினால் அடிக்கும், நடந்தால் வீசும், படுத்தால் அடங்கும். தாணு அதற்கு ராஜா என்று பேர் வைத்தான், ஒருவரும் கூப்பிடவில்லை. புட்டிப்பால் கொடுத்து வளர்த்த வடிவு சாரலு என்று கூப்பிட்டாள், அது நின்றது. வடிவுக்குப் பிள்ளை கிடையாது. அதனால்தான் இப்படி உயிரை விடுகிறாள் என்று தெருவில் பேசினார்கள். பிள்ளை இருந்திருந்தாலும் அவள் அப்படித்தான் இருந்திருப்பாள்.

ஊர் அதற்குத் தக்கபடி தன் வேலைகளை மாற்றிக்கொண்டது. களத்தில் உளுந்து தூற்றுகிற பெண்கள் முந்தானையில் கருப்பட்டித் துண்டு முடிந்துவைத்து, "ஏ சாரலு, இந்தப் பக்கம் ஒரு ஓட்டம் வாயேன்" என்று ஆசை காட்டினார்கள். கல்யாணத்துக்குப் பந்தல் போடுகிறவர்கள் முதல் நாளே வந்து குட்டியின் வயிறு நிறையக் கொள்ளு வைத்து, தூங்கப் பண்ணிவிட்டுப் போனார்கள். காத்தாடிக் கம்பெனி ஆட்கள் ஜீப்பில் வந்து, அது மேய்கிறதை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்று, "நல்லா ஓடியாடி விளையாடட்டும், கட்டிப்போடாதீங்க" என்று கேட்டுக்கொண்டார்கள். மேலத்தெருவா தெற்குத்தெருவா, முதலாளி வீடா கூலிக்காரன் வீடா என்று அது பார்க்காது. மனம்போன போக்கில் ஓடும். ஓடிய வழியெல்லாம் வேர்வை காயும். தெற்குத்தெருவில் வடிவின் அடுத்த வீட்டுக்காரன் மாசானம், கல் குவாரித் தூசியைத் தின்று தின்று நுரையீரல் கல்லாகிப்போனவன், மதியத்தில் கட்டிலை வாசலில் போட்டு அதன் வரவுக்காகக் காத்திருப்பான். அது கடந்துபோன பிறகு நெஞ்சு நிறைய இழுத்து, "எம் மூச்சு வந்துட்டுட்டீ" என்று பெண்டாட்டி பிச்சம்மையிடம் சிரிப்பான்.

சேதமும் இருந்தது. ஓடு பறந்தது, கூரை பிரிந்தது, குலை தள்ளிய வாழை அங்கங்கே சாய்ந்தது. திட்டினார்கள், முட்டுக் கொடுத்தார்கள், மறந்தார்கள். ஆனால் அதற்கு இரண்டு வயசு நிறைகிற சமயத்தில், அம்மன் கோயில் கொடைத் திருவிழா அன்று, வாணவேடிக்கைக்கு வைத்திருந்த சரவெடி முழுக்க ஒரே மூச்சில் வெடித்தபோது அது மிரண்டது. மிரண்டு, ஊரைச் சுற்றி வாழைத்தோப்புகளுக்குள் ஓடியது. ஓட ஓட அது கிளப்பிய காற்றுக்கே பயந்து இன்னும் ஓடியது. ஓணத்துக்கு மலையாளத்துக்குப் போக வேண்டிய ஏத்தன் வாழை, தாரோடு தாராக, ஒரு தோப்பு மிச்சமில்லாமல் படுத்துவிட்டது. ஆவுடையப்பன் முதலாளியின் தோப்புத்தான் பெரிசு. ஆனால் விழுந்ததில் தாணுவின் கூடப்பிறந்தவன் நட்ட அரைக்காணியும் இருந்தது. அவன் வரப்பில் உட்கார்ந்து வாயில் துண்டை அடைத்துக்கொண்டு அழுததை வடிவு பார்த்தாள்.

கோயில் முன்னால் ஊர் கூடியது.

"சவத்தக் கொன்னு போடுவோம். வெஷம் நான் வைக்கேன்" என்றான் ஒருவன்.

"கொன்னா காத்துக்கு எங்க போவ?" என்றான் காத்தாடிக்குக் காவல் இருக்கிறவன். "எங்க வீட்டு அடுப்பு அதுலதான்வே எரியுது."

"அப்ப வித்துருவோம்."

"வித்தா, வாங்குனவன் ஊருக்குல்லா காத்து போவும்?"

ஆவுடையப்பன் எல்லாரும் பேசி ஓயட்டும் என்று இருந்தார். அவர் கத்துகிற ஆள் இல்லை. தோப்பு முழுக்கப் போன அன்றும் தோட்டக்காரர்களுக்குச் சாப்பாடு போட்டு அனுப்பியவர்.

"கொல்லவும் வேண்டாம், விக்கவும் வேண்டாம்" என்றார். "குதிரைன்னா அது முதுகுல ஆள் ஏறணும். ஏறாம விட்டது நம்ம தப்பு, அது என்ன செய்யும் பாவம். மொறையாப் பழக்குற ஆள்ட்ட விட்டு, ஆள் ஏத்திக் கொண்டுவந்துட்டா, ஓடுன்னா ஓடும், நில்லுன்னா நிக்கும். காத்தும் அப்படித்தான் கேக்கும்."

அது எல்லாருக்கும் சரியாகப் பட்டது. எல்லாரும் தாணுவைப் பார்த்தார்கள். தாணு வடிவைப் பார்த்தான்.

"அடிப்பாங்களா அண்ணாச்சி?" என்று கேட்டாள் வடிவு.

"அடிக்காத ஆளாப் பாப்போம் தாயி. ஒரு மனுஷன் ஏறி உக்காந்தா அதுக்கு என்ன கொறஞ்சுரப் போவுது?"

வடிவு தலையை ஆட்டினாள். விஷம் வைக்கிறேன் என்றவன் கூட்டத்தில்தான் நின்றான், கொழுந்தன் கண் இன்னும் வீங்கியிருந்தது, எல்லாம் உண்மைதான். ஆனாலும் தலையை ஆட்டியது அவள்தான். யாரும் பிடித்து ஆட்டிவிடவில்லை.

ஆவுடையப்பன் விசாரித்துக் கண்டுபிடித்த ஆள் தோபியாஸ் மாஸ்டர். பட்டணத்தில் பந்தயக் குதிரை லாயங்களில் தலை நரைக்கும்வரை இருந்துவிட்டு, வள்ளியூருக்குக் கிழக்கே பனையும் உடைமரமுமாக நிற்கிற தேரிக்காட்டில் பண்ணை போட்டிருந்தார். முரட்டுக் குட்டிகளை வாங்கி, முதல்முதலாக ஆள் ஏற்றிக் கொடுப்பதுதான் அவர் தொழில். சாரலைக் குட்டியானை வண்டியில் ஏற்றி, இரண்டு பக்கமும் வைக்கோல் அடைத்துக் கொண்டுபோனார்கள். வண்டியில் அது நடுங்கிக்கொண்டே போனதால், வழி நெடுகச் சாலையோரத்துக் கடைகளின் தட்டிகளெல்லாம் நடுங்கின. அவர்கள் போன பிறகு கணவாய்க்குளத்தில் ஒரு இலை அசையவில்லை.

மாஸ்டர் ஒல்லியான, கறுத்த, சத்தம் போடாத மனிதர். காற்றுக்குப் பிறந்தது என்று தாணு சொன்னபோது அவர் அதன் பல்லைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரி. எல்லாக் குதிரைக்கும் ஏதாவது ஒரு பழக்கம் இருக்கும்" என்றார்.

வடிவு வாராவாரம் பஸ் ஏறிப் போனாள். பனங்கட்டைகளை வட்டமாக நட்டு வேலி கட்டியிருந்த மைதானத்தின் நடுவில் மாஸ்டர் நிற்பார், நீளக் கயிற்றின் மறுமுனையில் சாரல் அவரைச் சுற்றி ஓடும், அது ஓட ஓடக் காற்றும் வட்டமாகவே சுற்றும், சருகும் கோழியிறகும் உடைமர முள்ளும் அவர் தலைக்கு மேல் சுழல, அவர் தொப்பியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, "நட... நட... ஓடு... நட..." என்று ஒரே குரலில் சொல்லிக்கொண்டிருப்பார். அடி இல்லை, அதட்டல் இல்லை. அடுத்த தடவை போனபோது முதுகில் ஒரு சாக்கு கிடந்தது. அதற்கடுத்த தடவை சாக்கில் மணல் இருந்தது. அப்புறம் சேணம் வந்தது, வயிற்றைச் சுற்றி வார் வந்தது, வாயில் இரும்பு வந்தது. ஒவ்வொன்றுக்கும் சாரல் துள்ளி எறிந்தது. பண்ணையின் தகரக்கூரை இரண்டு தடவை பறந்தது. மாஸ்டர் தகரத்தைத் தேடி எடுத்துவந்து ஆணி அடித்துவிட்டு, விழுந்ததை மறுபடி எடுத்து, தட்டி, அதன் முதுகிலேயே போட்டார்.

"அடிக்கிறதே இல்லையே நீங்க" என்று வடிவு நன்றியோடு சொன்னாள்.

"அடிச்சு ஏறினா, நம்மள எறக்கிவிட அது நாள் பாத்துக்கிட்டே இருக்கும்மா. அதுவா ஒத்துக்கணும். ஒத்துக்கிற வரைக்கும் நான் கேட்டுக்கிட்டே இருப்பேன்."

"ஒத்துக்கிடலன்னா?"

"ஒத்துக்காத குதிரைய நான் இதுவரைக்கும் பாக்கல. எனக்குச் சலிப்பு வராதும்மா. அதுக்கு வந்துரும்."

ஆள் ஏறுகிற அன்று வடிவும் இருந்தால் நல்லது என்று அவர் சொல்லியனுப்பினார். குட்டி அவளைப் பார்த்து வளர்ந்தது, அவள் தலையைப் பிடித்துக்கொண்டு நின்றால் சீக்கிரம் முடியும், அதற்கும் சிரமம் குறைவு. வடிவு குளித்து, நெற்றியில் திருநீறு பூசிக்கொண்டு போனாள். வேலிக்குள் அதன் முகத்துக்கு நேரே நின்று இரண்டு கன்னத்தையும் பிடித்துக்கொண்டாள். பழைய வாசனைதான், புல்லும் மழையும் கலந்த வாசனை. மாஸ்டர் இடப்பக்கம் வந்து, அங்கவடியில் கால் வைத்து, முதலில் மூட்டைபோல் அதன் முதுகின்மேல் குறுக்கே குப்புறக் கிடந்தார். சாரலின் தோல் கழுத்திலிருந்து வால்வரை துடித்தது. பனைமரங்களில் ஓலைகள் ஒன்றோடொன்று அடித்துக்கொள்ளத் தொடங்கின.

"பேசுங்கம்மா" என்றார் மாஸ்டர், தலை ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமுமாகத் தொங்கியபடி.

"ஒண்ணுமில்ல மக்கா" என்றாள் வடிவு. "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல."

அவர் மெதுவாகக் காலைத் தூக்கி அந்தப் பக்கம் போட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். காடு முழுக்கப் பனைகள் இரைந்தன. செம்மண் எழும்பிச் சூரியனை மறைத்தது. சாரல் பின்கால்களில் பலம் கூட்டிக்கொண்டு, எறியப்போகிறது என்று தெரிகிற அந்த நேரத்தில், வடிவின் கண்ணைப் பார்த்தது. அது என்ன கேட்கிறது என்று அவளுக்குத் தெரிந்தது. தெரியாததுபோல் அவள் அதன் கன்னத்தைத் தடவி, "ஒண்ணுமில்ல" என்று இன்னொரு தடவை சொன்னாள்.

அது மூச்சை விட்டது. நீளமாக, அதற்குள் இவ்வளவு இருந்ததா என்று நினைக்கும்படி, விட்டுக்கொண்டே இருந்தது. வடிவின் நெற்றித் திருநீறு பறந்துபோனது. பிறகு பனைகள் இரைச்சலின் நடுவில் நின்றன. தூசி நேராகக் கீழே இறங்கியது.

"முடிஞ்சுது" என்றார் மாஸ்டர், மேலே இருந்தபடி அதன் கழுத்தைத் தட்டிக்கொடுத்து.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதாம்மா. இனிமே நீங்ககூட ஏறலாம்."

"நான் எதுக்கு ஏறணும்" என்றாள் வடிவு. அவள் கை இரண்டும் அதன் கன்னத்திலேயே இருந்தன. எடுத்த பிறகும் அதன் தலை அவள் வைத்திருந்த அதே உயரத்திலேயே நின்றது.

சாரல் திரும்பி வந்தபோது ஊர் எல்லையில் மாலையோடு காத்திருந்தார்கள். காற்றில்லாமல் கொசு பிடுங்கி, உளுந்து தூற்றாமல் குவிந்து, காத்தாடிக்காரர்கள் சும்மா உட்கார்ந்து சலித்த ஊர் அது. ஆவுடையப்பனின் மருமகன் அணைஞ்சபெருமாளை மாஸ்டரே பண்ணைக்கு வரவழைத்து ஏறப் பழக்கியிருந்தார். அவன் ஏறி, கடிவாளத்தை மேற்கே திருப்பி, குதிகாலால் தொட்டதும், காற்று மேற்கே போனது. பொட்டலில் காத்தாடிகள் வரிசையாகச் சுற்றின. கிழக்கே தோப்பில் ஒரு வாழை இலைகூடக் கிழியவில்லை. மெல்ல நடத்தினான், கோயில் திரிச்சுடர் அணையாமல் ஆடியது. நிறுத்தினான், நின்றது. ஊர் கைதட்டியது. சாரலின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்த வடிவு தானும் தட்டினாள், மற்றவர்கள் தட்டும்போது சும்மா இருக்க முடியாமல்.

மாஸ்டரின் பெயர் சுற்று வட்டாரமெல்லாம் பரவியது. கத்தினால் மழை பெய்கிற ஒரு கிடாரியை வைத்திருக்கிறவர்கள், அதையும் பழக்கித்தர முடியுமா என்று கேட்டுக்கொண்டு வள்ளியூருக்குப் போனார்கள். இன்னொரு ஊரில் ஒருத்தி பாடினால் பூசணி காய்க்கிறதாம். அவளுக்கு ஆள் பார்க்கிறார்கள் என்று பேச்சு.

குளத்துத் தண்ணீருக்கு முறை வைத்திருப்பதுபோலக் காற்றுக்கும் முறை வைத்தார்கள். காத்துமுறை என்றே அதற்குப் பெயர். காலையில் பொட்டலுக்கு, காத்தாடிகளுக்காக. வெயில் ஏறினதும் களத்துக்கு. சாயங்காலம் மேலத்தெருவுக்கும் கோயிலுக்கும். வீட்டில் விசேஷம் என்றால் முன்கூட்டிச் சொன்னால் போதும், காற்று வேண்டும், வேண்டாம், இரண்டுக்கும் ஏற்பாடு உண்டு. தாணுவின் கொல்லை கூரையில்லாதது என்பதால் சாரலை ஆவுடையப்பன் வீட்டு லாயத்தில் கட்டினார்கள். தாணுவுக்கு அங்கேயே புல் போடுகிற வேலை கொடுத்தார்கள். அவனும் ஒரு நாள், "எங்க குதிர" என்பதற்குப் பதிலாக "மொதலாளி குதிர" என்று வாய்தவறிச் சொன்னான். அப்புறம் வாய்தவறாமலே சொன்னான். வடிவு காலையில் போய்த் தேய்த்துவிட்டு வருவாள். அவளைப் பார்த்ததும் அது தலையைத் தாழ்த்தும். யாரைப் பார்த்தாலும் அது அப்படித்தான் தலையைத் தாழ்த்தியது.

தெற்குத்தெருவுக்கு முறை இல்லை. யாரும் வஞ்சகமாக விட்டதல்ல. தெருவுக்கும் ஊருக்கும் நடுவில் ஆவுடையப்பனின் தோப்பு இருந்தது. காற்று தெற்கே வரவேண்டுமென்றால் அதைத் தாண்டித்தான் வரவேண்டும். குலை தள்ளியிருக்கிற வாழையின் ஊடாகக் குதிரையை ஓட்டு என்று யார் சொல்வார்கள்? குலை வெட்டிய பிறகு பார்க்கலாம் என்றார்கள். வெட்டிய இடத்தில் பக்கக்கன்று வளர்ந்தது. அது குலை தள்ளியது.

பங்குனியில் தெற்குத்தெரு வெந்தது. ஓட்டு வீடுகளுக்குள் இருக்க முடியவில்லை, வெளியே வந்தால் குவாரித் தூசி இறங்காமல் அந்தரத்தில் நின்றது. மாசானம் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்தபடியே இருந்தான். படுத்தால் மூச்சு நிற்கிறது. ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு, காற்றோட்டமான இடத்தில் வைத்திருங்கள் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். பிச்சம்மை விசிறி விசிறிக் கை வீங்கி வடிவிடம் வந்தாள்.

"யக்கா, நீ சொன்னா கேப்பாங்கல்லா. ஒன் குதிரதானக்கா அது."

வடிவு ஆவுடையப்பன் வீட்டுக்குப் போனாள். அவர் நாற்காலி போடச் சொன்னார், மோர் கொடுக்கச் சொன்னார்.

"மாசானம் எனக்கு வேண்டாதவனா வடிவு? சின்ன வயசுல என் தோட்டத்துல கெடந்தவன். ஆனா தோப்பு ஒருத்தன் தோப்பா, அதுல கூலிக்கு நிக்கிறவங்க எத்தன பேரு, நீயே யோசிச்சுப் பாரு. அடுத்த கூட்டத்துல பேசுவோம்."

"அதுவரைக்கும் தாங்காது அண்ணாச்சி."

"ஒரு கரண்டு விசிறி வாங்கிக் குடுத்துவிடுதேன்" என்றார். கொடுத்தும் விட்டார். அது மாசானத்தின் முகத்துக்கு நேரே சுழன்று, அறைக்குள் இருந்த அதே சூட்டை அவன்மேல் திருப்பித் திருப்பி ஊற்றியது.

மறுநாள் மதியம், அணைஞ்சபெருமாள் சாப்பிட்டுக் கண்ணயர்ந்த நேரத்தில், வடிவு லாயத்துக்குள் போனாள். தாணு புல் உதறிக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்தான். "தண்ணி எடுத்துட்டு வாறேன்" என்று நிறைந்த தொட்டியைத் தாண்டி வாளியோடு வெளியே போய்விட்டான். வடிவு சேணத்தை அவிழ்த்தாள், வயிற்று வாரை அவிழ்த்தாள், வாயிலிருந்து இரும்பை உருவினாள். வார் கிடந்த இடத்தில் முடி இல்லை. எல்லாவற்றையும் வைக்கோலுக்குள் எறிந்துவிட்டு, வெறும் பிடரியைப் பிடித்து, தோப்பு ஓரமாகவே தெற்குத்தெருவுக்கு நடத்திக்கொண்டு போனாள். நடக்கும்போது ஒரு இலை அசைகிற அளவுக்குத்தான் காற்று இருந்தது. அது அவள் கொண்டுபோன நடை.

தெருவுக்கு அப்பால் வற்றிக் கிடந்த குளத்தங்கரையில் கொண்டுவந்து கையை எடுத்தாள். ஆட்கள் வாசலுக்கு வந்தார்கள். மாசானத்தைக் கட்டிலோடு தூக்கி வெளியே வைத்தார்கள். அவன் வாய் திறந்திருந்தது.

"ஓடு மக்கா" என்றாள் வடிவு. "இனி ஒன் மேல ஒண்ணுமில்ல. ஒனக்கு இஷ்டப்பட்ட பக்கம் ஓடு."

சாரல் நின்றது.

கையைத் தட்டினாள். சேலையை உதறினாள். பின்னால் போய் இரண்டு கையாலும் தள்ளினாள். "போ" என்று கத்தினாள். குதிரை அவள் சொல்வதைக் கவனமாகக் கேட்டது, காது இரண்டும் அவள் பக்கமே திரும்பியிருந்தன. பிறகு என்ன வேண்டும் என்று புரிந்துகொண்டதுபோல, இரண்டு எட்டு நகர்ந்து, தன் இடப்பக்கத்தை அவளுக்குக் காட்டி, முதுகை அசைக்காமல், ஏறுவதற்கு வசதியாக நின்றது.

மாசானத்தின் நெஞ்சுக்குள் சல்லடை சலிப்பதுபோல ஒரு சத்தம் மட்டும் கேட்டது.

"யக்கா" என்றாள் பிச்சம்மை. "ஏறுக்கா."

"என்னால முடியாதுட்டீ."

"யக்கா, அவரு கண்ணு சொருவுதுக்கா."

வடிவு துவைக்கிற கல்லைக் காட்டினாள். ஆட்கள் உருட்டி வந்து போட்டார்கள். பிச்சம்மை ஓடிப்போய்த் துணி காயப்போடுகிற கொடிக்கயிற்றை அறுத்துக்கொண்டு வந்தாள். வடிவு அதை அதன் வாயருகே கொண்டுபோனதும், அவள் கேட்காமலே, சாரல் வாயைத் திறந்தது. அவள் கயிற்றை மாட்டினாள். சேலையை மடித்துச் செருகிக்கொண்டு, கல்லின்மேல் நின்று, வயிறு அதன் முதுகில் பட விழுந்து, காலைத் தூக்கி அந்தப் பக்கம் போட்டாள். தோல் துடிக்கும் என்று பயந்திருந்தாள். துடிக்கவில்லை. ஒரு மேடையில் உட்கார்ந்ததுபோல் இருந்தது.

குதிகாலால் தொட்டாள். நடந்தது. கட்டிலில் விரித்திருந்த துணியின் ஓரம் லேசாகத் தூக்கியது.

"காணாதுக்கா, இன்னும் வேணும்!" என்று கத்தினாள் பிச்சம்மை.

பலமாக உதைத்தாள். சாரல் ஓடியது. குளத்துக்குள் இறங்கி, விளிம்பு சுற்றி, வெடித்த சேற்றின்மேல் குளம்பு தெறிக்க ஓடியது. மேலே உட்கார்ந்திருந்தவளுக்கு முகத்தில் ஒன்றும் படவில்லை, காற்றெல்லாம் பின்னால் தெருவுக்குப் போனது. ஓலைகள் எழும்பின. கதவுகள் அடித்துக்கொண்டன. அந்தரத்தில் நின்ற தூசி கலைந்து வடக்கே போனது. தோப்புப் பக்கம் வாழைகள் முறிகிற சத்தம் கேட்டது. குலை விழுகிற சத்தம் வடிவுக்கு நன்றாகத் தெரியும். நிறுத்தவில்லை. ஒரு சுற்று வந்தபோது மாசானத்தின் நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்தாள். பிச்சம்மை அவன் காலைக் கட்டிக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். சிறிசும் பெரிசுமாகத் தெரு முழுக்க வெளியே வந்து, கையைத் தூக்கி, சட்டையைத் திறந்து காட்டிக்கொண்டு நின்றது. "வடிவு! வடிவு!" என்று கத்தியது. அவளை அந்தத் தெரு அதுவரை அப்படிக் கூப்பிட்டதில்லை.

சாரலின் கழுத்து வேர்வையில் கறுத்துவிட்டது. அவள் தொடைக்குக் கீழே அதன் இதயம் இடிப்பது தெரிந்தது. போதும், மாசானத்துக்கு மூச்சு வந்துவிட்டது, இறங்கிவிடலாம் என்று நினைத்தாள். நினைத்துக்கொண்டே இன்னொரு சுற்றுக்கு உதைத்தாள். அதன் பிறகு நினைக்கவில்லை.

"யக்கா, இப்படியே கொஞ்சம் களத்துப் பக்கம் திருப்பேன்" என்று யாரோ ஒருத்தி சுளகை எடுத்துக்கொண்டு ஓடிவந்தாள். "வந்தது வந்துட்ட, எங்க உளுந்தையும் தூத்திட்டுப் போயிருதோம்."

வடிவு கொடிக்கயிற்றை வலப்பக்கமாக ஒரு விரலளவு இழுத்தாள். அதற்கே அது திரும்பியது.